நான் கட்டிய குதிரை

மிக்ஸி வாங்கப் போன சித்தப்பா, சாயங்காலம் ஒரு வெள்ளைக் குதிரையோடு வந்து நின்றார். உழவர்கரையில் அவர்கள் தெருவே வாசலில் கூடிவிட்டது. கல்யாண ஊர்வலத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றிப் போகக் குதிரை கிடைக்காமல் பாண்டிச்சேரியே தவிக்கிறது என்று அவர் கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். விளக்கி முடிப்பதற்குள் அது அவர் தோளைச் சட்டையோடு சேர்த்துக் கடித்துவிட்டது.

"இது சட்னி அரைக்குமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு சித்தி உள்ளே போய்விட்டாள்.

அந்தக் கோடை விடுமுறையில் நான் அங்கே இருந்தேன். எங்கள் வீடு குருசுக்குப்பத்தில். அப்பா கடலுக்குப் போகிறவர். பத்து வயதில் எனக்குப் பயப்படுவதே முழுநேர வேலை. அப்பாவின் படகு கரைக்கு வரும்வரை சோறு இறங்காது. வந்த பிறகு, நாளைக்கு மறுபடி போவாரே என்று இறங்காது. கடல் கண்ணில் படாமல் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றுதான் அம்மா என்னைச் சித்தப்பா வீட்டில் விட்டிருந்தாள். கடலுக்குப் பதில் குதிரை வந்து சேர்ந்தது.

அது கடற்கரையில் சுற்றுலா வருகிறவர்களைச் சுமந்துகொண்டிருந்த பெண் குதிரை. வாயின் இரண்டு ஓரங்களிலும் கடிவாள இரும்பு அறுத்து அறுத்து உண்டான புண். கழுத்துப் பக்கம் கயிறு வந்தால் காதைப் பின்னுக்கு மடக்கும். அதற்குப் பிறகு பல்தான். இறுக்கிப் பிடித்தால் அடங்கிவிடும் என்று விற்றவர் சொல்லி அனுப்பியிருந்தார். இறுக்கிப் பிடிக்கப் போன சித்தப்பா இன்னொரு தோளிலும் கடி வாங்கினார். வைகாசி முதல் முகூர்த்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு வருவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குள் வழிக்கு வராவிட்டால் விற்றவரிடமே திருப்பி அனுப்பிவிடுவது என்று முடிவாகியிருந்தது.

வீட்டுக்குப் பின்னால் மதில் வைத்த காலி மனை. நடுவில் ஒரு பூவரச மரம், ஒரு பக்கம் மூங்கில் படல். அந்த மர நிழலில் உட்கார்ந்துதான் சித்தி தென்னை ஓலை கிழித்துத் துடைப்பம் கட்டுவாள். குதிரை வந்துவிட்டது என்பதற்காக அவள் இடத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் அதன் வாயைத் தூரத்திலிருந்தே பார்த்தாள்.

"அந்த இரும்ப மொதல்ல எடுங்க. ஒங்க வாயில இரும்பப் போட்டு இழுத்தா நீங்க இன்னா முத்தமா குடுப்பீங்க?"

"கடிவாளம் இல்லாத குதிரைய யாருடி பாத்திருக்கா? ஓடிடும்."

"ஓடட்டும். ஓடறதுக்கு முன்ன வைக்கல தின்னுட்டு ஓடட்டும்."

இரும்பு போயிற்று, கயிறும் போயிற்று. சித்தி குதிரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஓலை கிழித்தாள். ஈர்க்கிலிலிருந்து ஓலை பிரியும்போது 'சர்ர்' என்று ஒரு சத்தம் வரும். காலை முழுவதும் அந்தச் சத்தம்தான். அவள் அதைக் கூப்பிடவில்லை, கை நீட்டவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படலுக்கு வெளியே நின்று நான்தான் அவளுக்காகவும் சேர்த்து நடுங்கிக்கொண்டிருந்தேன்.

முதலில் குதிரை மனையின் மூலையிலேயே நின்றது. பிறகு மரத்துக்கு அந்தப் பக்கம் வந்தது. ஒரு நாள் கிழித்துப்போட்ட ஓலையை முகர்ந்து பார்த்தது. இன்னொரு நாள், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவ்வளவு பெரிய தலையைத் தாழ்த்தி சித்தியின் பிடரியில் மூச்சு விட்டது. அவள் கொண்டையிலிருந்து பிரிந்த முடி அந்த மூச்சில் ஆடியது.

"இன்னாடி, பல்லு வெளக்கலியா நீ?" என்றாள் சித்தி, திரும்பாமலே. அவள் கை ஓலை கிழிப்பதை நிறுத்தவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கோயிலில் கற்பூரம் காட்டும்போதுகூட எனக்கு அப்படி ஆனதில்லை.

அதன் பிறகு சித்தி தண்ணீர்க் குழாய்க்குப் போனால் குதிரையும் பின்னால் போகும். கயிறு கிடையாது, கூப்பாடு கிடையாது. நானும் துணிந்து தவிடு வைக்க ஆரம்பித்தேன். முதல் தடவை அதன் உதடு உள்ளங்கையில் பட்டபோது வெல்வெட் துணி நினைவுக்கு வந்தது. சித்தப்பா டீக்கடையில், குதிரையைப் பழக்குவது ஒரு கலை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் இருந்தபோது, எதிர்ச் சாரியில் இருந்த பெரியவர் இறந்துபோனார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். பிரெஞ்சில் சிப்பாய்க்குச் சொல்தா என்பதால் எல்லோருக்கும் அவர் சொல்தா தாத்தா. கல்யாணச் சாவு. பந்தல் போட்டாயிற்று, மேளம் வந்தாயிற்று. பெட்டி பெட்டியாகப் பட்டாசு வந்து இறங்குவதை நான் பார்த்தேன். வெடிச் சத்தத்தில் குதிரை மிரண்டு படலைத் தாண்டிவிடும், நேராக மெயின் ரோட்டுக்குப் போகும், பஸ்ஸில் அடிபடும். நான் மனதுக்குள் அந்த பஸ்ஸின் நிறத்தைக்கூடப் பார்த்துவிட்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. ஆட்டைக் காலில் கட்டிப் போடுவதை எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன். கிணற்றடியில் கிடந்த நைலான் கயிற்றை எடுத்துக்கொண்டு போனேன். தவிட்டுக் கிண்ணத்தை வைத்தேன். குதிரை என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் கிண்ணத்துக்குள் விட்டது. நான் குனிந்து அதன் பின்னங்காலில் கயிற்றைச் சுற்றியபோது நகரவில்லை. நான்தானே என்று நின்றது. அப்பா படகைக் கரையில் கட்டப் போடும் சுருக்கு எனக்குத் தெரியும். இழுக்க இழுக்க இறுகும். அதையே போட்டு, மறுமுனையைப் பூவரசில் கட்டினேன். அன்றைக்கு மத்தியானம்தான் பல நாள் கழித்து நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மூன்று மணிக்குப் பாடை எதிர்வீட்டிலிருந்து கிளம்பியது. சித்தியும் சித்தப்பாவும் வாசலில் நின்றிருந்தார்கள். பத்தாயிரம் வாலாவைக் கொளுத்தினார்கள்.

கட்டாமல் விட்டிருந்தால் அது வழக்கம்போல மனையின் அந்தக் கோடிக்குப் போய் நின்றிருக்கும். இப்போது பாய்ந்தது. கயிறு முழு நீளத்துக்கும் விறைத்துக் காலைப் பின்னுக்கு வாங்கியது. குதிரை முன்னங்கால் மடங்கி விழுந்தது, எழுந்து மறுபடி பாய்ந்தது, மறுபடி விழுந்தது. ஒவ்வொரு தடவையும் சுருக்கு குளம்புக்கு மேலே சதையில் இறங்கியது. வெள்ளைக் காலில் இரத்தம் இறங்கியதைப் பார்த்து நான் போட்ட கத்தல் வாசலுக்குக் கேட்டிருக்கிறது.

சித்தி ஓடி வந்தாள். பின்னாலேயே ஊர்வலத்து ஆட்களும் வந்தார்கள். ஒருவர் ஒரு கையில் பாடைமேல் தூவும் பூவும் மறுகையில் கம்புமாக வந்தார். "தலையில கயித்த வீசுங்கடா! சாச்சு அமுக்குங்க!" என்று யாரோ கத்தினார்.

"யாரும் உள்ள காலு வைக்கக் கூடாது!" சித்தியின் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். "சாவுக்கு வந்தவங்க சாவப் பாருங்க. ஏங்க, போயி வெடிய நிறுத்தச் சொல்லுங்க. மோளத்தையும். சொல்தா தாத்தா ஒண்ணும் கோச்சுக்க மாட்டாரு."

சித்தப்பா ஓடினார். வெடி நின்றது. மேளமும் நின்றது. குதிரையின் மூச்சு மட்டும் கொல்லன் துருத்தி போல வந்துகொண்டிருந்தது. கால் பின்னால் இழுபட்டு, மூன்று காலில், வாயில் நுரையோடு நின்றது. கயிறு தளராமல் சுருக்கை யாராலும் தொட முடியாது. கயிறு தளர வேண்டுமென்றால் அதுவாக மரத்தை நோக்கி வர வேண்டும்.

சித்தி நடந்துபோய் மரத்தடியில் உட்கார்ந்தாள். அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தாள். ஒரு ஓலையை எடுத்து, சர்ர் என்று கிழித்தாள். இன்னொன்று. இன்னொன்று. அவ்வளவு பேர் படலுக்கு வெளியே நின்றும் ஒரு இருமல்கூட இல்லை.

எத்தனை ஓலை என்று தெரியாது. குதிரை ஓர் அடி பின்னால் எடுத்து வைத்தது. நின்றது. திரும்பி இன்னோர் அடி. விறைத்திருந்த கயிறு மெல்லத் தரையில் படுத்தது.

"பாப்பா," என்றாள் சித்தி, தலையைத் திருப்பாமல். "இன்னா முடிச்சு போட்ட?"

கட்டியது யார் என்று அவள் கேட்கவேயில்லை.

"அப்பா படகுக்குப் போடறது, சித்தி."

"அவுக்கத் தெரியுமா?"

"தெரியும்."

"வா. ஓடியாராத. பூனையாட்டம் பதுங்கியும் வராத. தண்ணி மொள்ள வர்ற மாரி வா."

நான் போனேன். எப்படிப் போனேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அதன் வயிறு என் தலைக்குமேல் கூரை மாதிரி இருந்தது. வியர்வையின் சூடு முகத்தில் அடித்தது. ஒரு உதை போதும், என் கதை முடிந்துவிடும். நைலானுக்கு அடியில் விரலை நுழைத்தபோது அந்தக் கால் தோல் ஈ உட்கார்ந்தது போலச் சிலிர்த்தது. கால் மட்டும் அசையவில்லை. வலிக்கத்தான் வலித்திருக்கும். ஆனாலும் அசையவில்லை. சுருக்கு விட்டது. குதிரை ஓடவில்லை, தலையைத் தாழ்த்திச் சித்தியின் தலையை முகர்ந்துவிட்டு, அப்படியே நின்றது. படலில் சாய்ந்திருந்த சித்தப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ஜீப்பில்தான் போனார். குதிரையைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சைச் சித்தப்பா பிறகு எடுக்கவே இல்லை.

மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டு, புண்ணைத் தினமும் உப்புத் தண்ணீரில் கழுவி மருந்து போடச் சொன்னார். சித்தி போனால் குதிரை காலைக் காட்டும். நான் போனால் நகர்ந்துவிடும். கோபமெல்லாம் இல்லை, நாலடி தள்ளி நிற்கும், அவ்வளவுதான். தவிட்டை வைத்தால் நான் போன பிறகு வந்து தின்னும். நான் கழிவறையில் போய் அழுதேன். சித்தி காலையில் மருந்துக் கிண்ணத்தை மட்டும் என் கையில் கொடுப்பாள். நான் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்துவிட்டு வருவேன்.

பள்ளிக்கூடம் திறக்க இரண்டு நாள் இருந்தபோது குதிரை தானாக வந்தது. என் பக்கத்தில் நின்று அந்தக் காலைத் தூக்கி, குளம்பின் நுனியை மட்டும் மண்ணில் ஊன்றியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு மருந்தைத் தடவினேன். புண் ஆறி, ரோமம் முளைக்காத ஒரு வளையம் காலைச் சுற்றி இருந்தது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உள்ளே ஓடி, "சித்தி, அது எல்லாத்தையும் மறந்துடுச்சு!" என்று கத்தினேன். சித்தி என்னைப் பார்த்தாள், பிறகு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். மறக்காமலேயே ஒரு உயிர் நம் பக்கத்தில் வந்து நிற்க முடியும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.