திரைக்குப் பின்னால் கம்ப்யூட்டராக உட்கார்ந்த சேவியர்

சேவியர் போய்விட்டான்.

காலையில் அவன் மகன் கினிகத்தேனையிலிருந்து போன் பண்ணினான். "ஆன்ட்டி, அப்பா..." அவ்வளவுதான் சொன்னான். மீதி எனக்கு விளங்கிவிட்டது.

என்னைவிட வயதில் சின்னவன். இவனுக்கு என்ன அவசரம் என்று முதலில் கோபம்தான் வந்தது... அழுகை பிறகுதான்.

பழைய ஆபிஸ் நண்பர்களுக்கு அவனைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எண்பதுகளில் ஒரு பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்தில் எனக்கும் அவனுக்கும் அடுத்தடுத்த மேசை.

நான் நோட்டன் பிரிட்ஜ், அவன் அக்கரப்பத்தனை. அந்த ஆபிஸில் மலையகத்து தேயிலைத் தோட்டப் பக்கத்து ஆட்கள் நாங்கள் இரண்டு பேர்தான். சண்டை போடவும் சாப்பாட்டைப் பங்கு போடவும் வேறு ஆள் கிடையாது.

அப்போதுதான் மாணவர் பதிவுக்கு கம்ப்யூட்டர் வந்தது. புது புரோகிராம். ஒரு கட்டம் வெறுமையாக இருந்தாலும் அடுத்ததற்கு நகராது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளை நினைத்து அவனுக்குப் பயம். "அக்கா, நம்ம ஆளுங்க தோட்டத்து ஆபிஸ்ல கெஞ்சிக் கெஞ்சியே பழகிட்டாங்க. இது கெஞ்சினா கேக்காது. ஒரு ஒத்திகை வெச்சிருவோம்" என்றான்.

லீவில் ஹட்டனில் ஒரு சர்ச் ஹோலைக் கேட்டு வாங்கினான். புதிதாகத் தெரிவான பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னோம்.

கிறிஸ்மஸ் நாடகத்துக்குக் கட்டும் திரையைக் கட்டி, அதற்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். "இப்ப நான் சேவியர் இல்ல. கம்ப்யூட்டர்!"

பிள்ளைகள் போர்மை நிரப்பி, திரைக்கு அடியில் நீட்ட வேண்டும். பிழை இருந்தால் ஒரு கை மட்டும் வெளியே வந்து திருப்பிக் கொடுக்கும். காரணம் சொல்லாது.

எந்தக் கட்டம் பிழை என்று கண்டுபிடிக்கப் பழக்குவது என் வேலை. முக்கால்வாசிப் பேர் விலாசத்தில் மாட்டிக்கொண்டார்கள். வீட்டு நம்பர் என்று கேட்டால், நம்பரே இல்லாத லயத்து வரிசை வீட்டுப் பிள்ளை எதை எழுதும்?

தெய்வானை என்று ஒரு பிள்ளை அம்மாவோடு வந்திருந்தாள். அவளுடைய போர்ம் போன வேகத்திலேயே திரும்பி வந்துகொண்டிருந்தது. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, கொஞ்சம் பாத்து செய்ங்கய்யா. புள்ள பாவம்யா..." என்று பையிலிருந்து இரண்டு வடையை எடுத்து திரைக்கு அடியில் நீட்டினார்.

கை வந்தது. வடையை எடுத்துக்கொண்டது. போர்ம் மறுபடி வெளியே வந்தது.

ஹோலே சிரித்தது... அந்த அம்மாவும்தான்.

"ஏன்டா, கம்ப்யூட்டர் வடை தின்னுமா?" என்று பிறகு கேட்டேன். "கரண்ட் இல்லாம எப்படிக்கா ஓடும்?" என்றான் படுபாவி.

ஆனால் தெய்வானையின் உண்மையான கஷ்டம் வேறு. அவளிடம் அடையாள அட்டை இல்லை. விண்ணப்பம் தோட்டத்து ஆபிஸில் எங்கேயோ கிடந்தது.

பதிவின் கடைசி நாள் பின்னேரம் வந்தாள். அட்டை வரவில்லை. நம்பர் இல்லாமல் புரோகிராம் நகர மறுத்தது. அடுத்த வருடம் வரச் சொல்லுங்கள் என்றார் எங்கள் மேலதிகாரி.

"அடுத்த வருஷம் என்னைய விடமாட்டாங்க சார். இங்க எடம் போச்சுன்னா தோட்டத்துல பேர் பதிஞ்சிருவேன்னு அப்பா சொல்லிட்டாரு." பேர் பதிந்துவிட்டால் மறுநாளே தேயிலைக் கொழுந்தெடுக்கப் போக வேண்டியதுதான்.

அவள் கெஞ்சவில்லை. விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு நின்றாள்.

"அக்கா, ஒரு பிளேன்டீ வாங்கிட்டு வாங்களேன்" என்றான் சேவியர்.

ஒருநாளும் என்னை டீ வாங்க அனுப்பாதவன். என்ன திமிர் என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். திரும்பி வந்தால் தெய்வானையின் கையில் பதிவுத் துண்டு!

ஹொஸ்டல் லிஸ்ட் வந்தபோதுதான் பிடிபட்டது. அவளுக்கு ஆண்கள் ஹொஸ்டல்...

அடையாள அட்டை நம்பரிலேயே ஆணா பெண்ணா என்பது இருக்கிறதே. சேவியர் தன் சொந்த நம்பரை அடித்திருக்கிறான்.

"மடையா! வேலை போகும்டா!"

"தெரியும்க்கா. வேற யார் நம்பரும் எனக்குப் பாடமில்லையே."

விசாரித்தபோது "நான்தான் சார் அடிச்சேன். அந்தப் புள்ளைக்குத் தெரியாது" என்றான். வேலை தப்பியது. ஆனால் ஸ்டோர்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். கம்ப்யூட்டர் அறைப் பக்கம் வரவே கூடாது.

அந்த மெஷின்மேல் உயிரையே வைத்திருந்தான். ரிட்டயராகும்வரை பெயின்ட் டின்னோடும் தும்புத்தடி விளக்குமாறோடும் காலம் போனது. ஒருநாளும் வருந்தியதில்லை என்று எழுத எனக்கு ஆசை. பொய். வருந்தினான். என்னோடு டீ குடிக்கும்போதெல்லாம் அந்த அறைக் கதவைத்தான் பார்ப்பான்.

தெய்வானையை வெளியே அனுப்பவில்லை. பெண்கள் ஹொஸ்டலுக்கு மாற்றினார்கள். அட்டை வரும்வரை அந்த நம்பரே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். லைப்ரரிக்கும் பரீட்சைக்கும் அதைத்தான் எழுதினாள். பிறகு டீச்சரானாள், பள்ளிக்கூட அதிபரானாள்.

சற்று முன் சேவியரின் மகன் மறுபடி பேசினான். மரணத்தைப் பதிய கிராம சேவகர் அப்பாவின் அடையாள அட்டை நம்பரைக் கேட்டாராம். வீடு முழுக்கத் தேடியும் அட்டை கிடைக்கவில்லையாம்.

வாசலில் நின்ற ஒரு வயதான டீச்சர், எதையும் பார்க்காமல், முழு நம்பரையும் கடகடவென்று சொன்னாராம்.

"யாரு ஆன்ட்டி அவங்க? அழுதுகிட்டே சொன்னாங்க."

"வந்து சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டேன்.

நாளை முதல் பஸ்ஸில் வருகிறேன் சேவியர்... அதுவரைக்கும் இருடா.