மூக்கு சிஸ்டர்

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தவர், வெந்துபோன காலை ஏறெடுத்தும் பார்க்காமல் என் அக்காவின் மூக்குக்குள் டார்ச் அடித்தார். "ஆ காட்டுங்க." தொண்டையையும் பார்த்தாயிற்று. "இப்ப உங்க வீட்டுக்கு வழி சொல்லுங்க."

வெந்நீர் கொட்டியது காலில். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப், மருந்துக்கடை, பச்சை கேட் என்று சொல்லி முடிக்கும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டார். எதையும் எழுதிக்கொள்ளவில்லை. "குரல் நல்லாருக்கு. வாங்க, காலைப் பாப்போம்."

தீக்காயப் பிரிவின் மூத்த செவிலியர் அவர். ஐம்பதைத் தாண்டியிருக்கும். வருகிற எல்லோருக்கும் முதலில் மூக்கைப் பார்ப்பதால் நோயாளிகள் வைத்த பெயர் 'மூக்கு சிஸ்டர்'. அது அவருக்கும் தெரியும். "பின்னே? மூச்சு போற வழியை விட்டுட்டுக் காலைப் பாத்தா, கால் மட்டும் பொழைச்சு என்ன பண்றது?" என்பார்.

முகமூடியும் அங்கியும் மாட்டிக்கொண்டு பத்தொன்பது நாள் அக்காவுக்குத் துணையாக இருந்தேன். பொழுதுபோக்கு இவரைக் கவனிப்பதுதான். கை வெந்து வருகிறவர்களின் மோதிரத்தையும் வளையலையும் கேட்டுக் கேட்டுக் கழற்ற வைப்பார். "இப்பக் கழட்டினா சோப்பு போதும். வீங்கினப்புறம் கட்டர்தான்." காயத்தில் பற்பசை பூசிக்கொண்டு வந்த ஒருவரிடம், "இதுக்குப் பல்லு முளைக்காதுங்க" என்றார். வலியே இல்லை என்று மகிழ்ந்த இன்னொருவரைப் பார்த்துத்தான் அவர் முகம் மாறியது. ஆழமாக வெந்த இடத்தில் நரம்பும் வெந்துவிடும், வலி தெரியாது. "ஐயோ அம்மான்னு கத்துறவங்களைப் பாத்தா எனக்குக் கொஞ்சம் நிம்மதி" என்று அக்காவிடம் சொன்னார். அக்காவும் அவருக்கு அந்த நிம்மதியைத் தாராளமாகவே கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கட்டுப் பிரிக்க அரைமணி முன்பே வலி மருந்து கொடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார். எவ்வளவு அவசரம் என்றாலும் இருபத்தொன்பதாவது நிமிடத்தில் கத்தரியைத் தொட மாட்டார். மணிக்கொரு தரம் சிறுநீர்ப் பையைத் தூக்கிப் பிடித்து, "நாப்பது மில்லி! பாஸ்!" என்று அறிவிப்பார். அந்த அறையில் கூச்சம் என்பதை யாரும் இரண்டு நாளைக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது.

ஆறாம் நாள் காலை ஒரு பேக்கரிக்காரர் நடந்தே வந்தார். பூட்டியிருந்த அறையில் கேஸ் கசிந்திருக்கிறது. அவர் அடுப்பைப் பற்றவைத்ததும் குப்பென்று பிடித்துவிட்டது. வலது கை கொப்பளித்திருந்தது, முகம் சிவந்திருந்தது, புருவம் இல்லை. "இனிமே ரொட்டிக்குப் பதிலா என்னையே விக்கலாம்" என்று சிரித்தார். கூட வந்த மனைவியும் சிரித்தார்.

மூக்கு சிஸ்டர் சிரிக்கவில்லை. மூக்கு முடி கருகியிருந்தது. வீட்டுக்கு வழி சொல்லச் சொன்னார், அவரும் சொன்னார். டிரிப்ஸ் ஏற்றி, கையைக் கழுவிக் கட்டி, கால்மணி கழித்து மறுபடியும் வழி கேட்டார்.

"இப்பத்தானே சொன்னேன்?"

"மறந்துட்டேன். சொல்லுங்க."

பேங்க் தாண்டி இடது பக்கம் என்னும்போது குரல் கம்மியது. கிண்ணத்தில் துப்பச் சொன்னார். எச்சிலில் கரி. சிஸ்டர் விடுவிடுவென்று வார்டில் இருந்த இளம் டாக்டரிடம் போனார்.

"ஆக்சிஜன் மீட்டர் தொண்ணூத்தெட்டு காட்டுதே சிஸ்டர்?"

"மீட்டர் விரல்ல இருக்கு டாக்டர். வீக்கம் தொண்டையில இருக்கு. மயக்க மருந்து டாக்டரை இப்பவே கூப்பிடுங்க. இன்னும் ஒரு மணி நேரம் போனா மூச்சுக்குப் போடற குழாய் உள்ள போகாது."

டாக்டர் மீட்டரை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். திரை இழுக்கப்பட்டது. வெளியே வந்த மயக்க மருந்து டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "இருக்கறதுலயே சின்னக் குழாயைத்தான் போட முடிஞ்சுது" என்றார்.

மனைவிக்கு இதெல்லாம் விளங்கவில்லை. "பேசிட்டிருந்த மனுஷன்! நடந்து வந்தாரு! வாயில குழாயைச் சொருகிப் படுக்கப் போட்டுட்டீங்களே!" வார்டே திரும்பிப் பார்த்தது. மூக்கு சிஸ்டர் ஒரு நாற்காலியை இழுத்து வந்து போட்டார். "திட்டுங்கம்மா. உக்காந்து திட்டுங்க. காலையிலேர்ந்து நின்னுட்டே இருக்கீங்க."

மாலைக்குள் பேக்கரிக்காரரின் முகம் அடையாளம் தெரியாமல் உப்பியது. கண் இரண்டும் மூடிக்கொண்டன. அதைப் பார்த்த மனைவி திட்டுவதை நிறுத்திவிட்டார். பேசுவதையும்தான். மறுநாள் சிஸ்டரே அவரைக் கட்டிலுக்கருகில் அழைத்துப் போய், "காதுகிட்ட பேசுங்க. அவருக்குக் கேக்கும்" என்றார். என்ன பேசுவது என்று தெரியாமல் அந்த அம்மா பால்காரர் வந்தது, பக்கத்து வீட்டுக் குழாய் உடைந்தது என்று ஊர்க்கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சிஸ்டர் தன் வேலைக்கு நடுவே அந்த அம்மாவை விரட்டவே இல்லை. தலைமாட்டை உயர்த்துவார், குழாயின் கட்டைச் சரிபார்ப்பார், வாயை ஈரத்துணியால் துடைப்பார், போவார். குழாய் போட்ட நாலாம் நாள் வீக்கம் வடியத் தொடங்கியது. கண் திறந்தது.

ஐந்தாம் நாள் முற்பகலில் குழாயை எடுத்தார்கள். இருமினார், இருமினார், மூச்சு வாங்கினார். மனைவி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் பக்கத்தில் அக்கா என் கையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். பேக்கரிக்காரர் உதட்டை நனைத்துக்கொண்டு, சொரசொரவென்று ஒரு குரலில் கேட்டார்:

"அடுப்பை அணைச்சீங்களா?"

மனைவி சிரித்தாரா அழுதாரா என்று சொல்லத் தெரியவில்லை. "அணைச்சாச்சுங்க, அணைச்சாச்சு" என்றார் திரும்பத் திரும்ப. இளம் டாக்டர் கைதட்டினார். எல்லோரும் மூக்கு சிஸ்டரைத் தேடித் திரும்பினோம். அவர் எங்களுக்கு முதுகு காட்டி நின்று, ஒழுங்காகவே இறங்கிக்கொண்டிருந்த டிரிப்ஸ் குழாயை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார்.