ஒன்பதாம் வகுப்புப் புத்தகம்

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு காலாண்டுத் தேர்வில் இயற்பியலில் தோற்றுப்போனாள். மற்ற பாடங்களில் எப்படியோ தப்பித்துவிட்டாள். நர்ஸிங் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு இயற்பியல் தேறியே ஆக வேண்டும். விடைத்தாளில் கையெழுத்து வாங்க வந்தவள் என் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும், புத்தி பின்னால் மெதுவாக வரும். "ஒங்கண்ணன் இதே பாடத்துல எவ்ளோ மார்க்குன்னு தெரியுமா?" என்று கத்தினேன். தெரியும் என்று தலையாட்டினாள். தெரியாமல் எப்படி இருக்கும், வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேனே.

மறுநாளே டியூஷன் தேடக் கிளம்பினேன். விருத்தாசலத்தில் ஃபியூஸ் கட்டை செய்யும் பீங்கான் கம்பெனி ஒன்றில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். அச்சிலிருந்து வரும் கட்டைகளின் ஓரத்தைச் சீவி, சூளைக்குப் போகிற வண்டியில் அடுக்கவேண்டும். ஷிப்டு முடிந்ததும் தலையிலிருந்த வெள்ளைத் தூசியைத் தட்டிவிட்டு, மகளை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு போனேன்.

முதலில் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் பெரிய டியூஷன் சென்டர். மாடிப்படி முழுக்கச் செருப்பு. அங்கிருந்தவர் விடைத்தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த பேட்ச்சு ரொம்ப வேகமா போவுதுங்க. பாப்பாவால ஓட முடியாது" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனாலும் அத்தனை பிள்ளைகள் முன்னால் சொன்னார். படி இறங்கும்போது மகள் அவள் செருப்பைத் தேடுவதாகச் சொல்லி வெகுநேரம் குனிந்தே இருந்தாள்.

மங்கலம்பேட்டையில் ஒருவர் பொறுமையாகச் சொல்லித் தருகிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். வீடு பூட்டியிருந்தது. துபாயில் இருக்கும் மகனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, அவரும் அவர் வீட்டம்மாவும் விமானம் ஏறி ஒரு வாரமாகிறது என்று எதிர்க்கடை பாய் சொன்னார். வந்ததற்கு டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று உட்காரவைத்தார். டியூஷன் தேடிப் போய் டீ குடித்துத் திரும்பியதுதான் அன்றைய மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது, மாதா கோயிலில் பாட்டுப் பாடும் அம்மா ஒருவர் ஒரு டீச்சரைப் பற்றிச் சொன்னார். எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்துவிட்டு இங்கே வாக்கப்பட்டு வந்தவர். வீட்டு முன்னறையில் ஒரு நேரத்துக்கு நாலு பேருக்கு மேல் சேர்க்கமாட்டாராம். சேர்ப்பதற்கு முன்னால் பிள்ளையிடம் கொஞ்ச நேரம் பேசிப் பார்ப்பாராம்.

அன்று சாயங்காலமே போனோம். டீச்சருக்கு முப்பது வயதுதான் இருக்கும். விடைத்தாளை நீட்டினேன். வாங்கி, மடித்து, ஓரமாக வைத்துவிட்டார்.

"எந்தப் பாடம் கஷ்டமா இருக்குது?" என்று மகளிடம் கேட்டார்.

"எல்லாமேதாங்க டீச்சர். கவனமே இல்ல. இவ அண்ணன் அப்படி இல்ல" என்றேன் நான்.

"புரியலன்னா கிளாஸுல கேப்பியா?"

"எங்க கேக்கறா? வாயே தொறக்க மாட்டா."

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "அண்ணே, நான் பாப்பாவ கேக்கறேன்" என்றார். குரலை உயர்த்தவில்லை. எனக்குக் காது சுட்டது.

பிறகு அவர் கேட்ட கேள்வியை என் மகளிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. "கடைசியா எந்த வகுப்புல இயற்பியல் புரிஞ்சிது?"

மகள் யோசித்தாள். "எட்டாவது வரைக்கும் நல்லா புரிஞ்சிது, மிஸ்."

"அப்புறம் என்னாச்சு?"

"ஒன்பதாவது நான் படிக்கல."

"என்னா பேசற? ஒன்பதாவது பாஸு பண்ணியே" என்று நான் மறுபடி குறுக்கே விழுந்தேன்.

"எல்லாருக்கும் பாஸு போட்டாங்கப்பா. கிளாஸு போன்ல நடந்துச்சு. போன் அண்ணங்கிட்ட இருந்துச்சு."

கொரோனா வருடம் அது. வீட்டில் இருந்தது ஒரே ஒரு நல்ல போன், என்னுடையது. பையன் அப்போது பன்னிரண்டாவது. பொதுத்தேர்வு வருகிறது என்று போனை அவன் கையில் கொடுத்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை அவன் வகுப்பு. அதே நேரத்தில்தான் அவளுக்கும் வகுப்பு. ஒன்பதாவதுதானே, டிவியில் பாடம் போடுகிறார்களே, அதைப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். கடைசியில் பையனின் பொதுத்தேர்வு நடக்கவே இல்லை. பழைய மார்க்குகளை வைத்துக் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது அந்த மார்க்கைத்தான். ஒன்பதாவதிலும் எல்லாரும் பாஸ் என்றதும் அத்தோடு அந்த வருடத்தை நான் மறந்துவிட்டேன். அவள் அதற்கு மேல் இரண்டு வருடப் பாடத்தைப் புரியாமலே மனப்பாடம் பண்ணி ஒப்பேற்றியிருக்கிறாள்.

"அவ போன் வேணும்னு கேக்கவே இல்லீங்களே டீச்சர்" என்றேன். அன்றைக்கு என் வாயில் வந்தது அதுதான். மகள் நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தாள்.

டீச்சர் ஒரு நிபந்தனை போட்டார். "ஒன்பதாவதுலேருந்துதான் ஆரம்பிப்பேன். அதனால அரையாண்டுலயும் ஃபெயிலாவா. அப்ப நீங்க திட்டக் கூடாது. முடியுமாண்ணே?"

முடியும் என்றேன். நான் சொன்னதை மகள் நம்பவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

பரணில் ஏறி ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். பையனின் பழைய புத்தகங்கள் அட்டை கிழிந்து, ஓரமெல்லாம் கிறுக்கி, நார் நாராகக் கிடந்தன. அவளுடையது பள்ளியில் கொடுத்த அன்று இருந்தது போலவே இருந்தது. ஓரிடத்தில்கூடப் பென்சில் கோடு இல்லை. விரித்தால் நிற்காமல் தானே மூடிக்கொண்டது. பரண் ஏணியிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். கீழிருந்து அவள் அம்மா, கிடைத்ததா என்று கேட்டாள். புத்தகத்தைக் கீழே நீட்டினேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வருடா வருடம் ஒரே பட்டியல்தான் வைத்திருப்பேன். கோபப்பட்டேன், கெட்ட வார்த்தை பேசினேன், இரண்டு ஞாயிறு பூசைக்கு வரவில்லை. போன் கொடுக்காமல் இருந்தது பாவம் என்று அத்தனை வருடமும் எனக்குத் தோன்றியதே இல்லை. இந்தத் தடவை அதைச் சொன்னேன். "எங்கிட்ட சொல்லிட்டீங்க. அந்தப் புள்ளகிட்ட சொன்னீங்களா?" என்று சாமியார் கேட்டார்.

சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் போயிற்று, புது வருடம் போயிற்று, சொல்லவில்லை. பெற்ற பெண்ணிடம் தப்பு என்று ஒத்துக்கொள்வதற்கு நாக்கு புரளவே மாட்டேன் என்கிறது.

ஜனவரியில் அரையாண்டு விடைத்தாள் வந்தது. டீச்சர் சொன்னபடியே தோற்றிருந்தாள். பேசாமல் கையெழுத்துப் போட்டேன். அவள் தாளை வாங்கிக்கொண்டு, இன்னும் ஏதோ வரும் என்பது போல நின்றாள். எதுவும் வராததால் போய்த் தலை சீவிக்கொண்டு டியூஷனுக்குக் கிளம்பினாள்.

வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். வண்டியை அணைத்தேன். அவள் பின்னால் இருந்ததால் முகத்தைப் பார்க்கவேண்டியதில்லை. அந்தத் தைரியத்தில் சொன்னேன்.

"பாப்பா, அந்த வருஷம் போனு உனக்கும் குடுத்திருக்கணும். தப்பு எம்மேலதான். நீ ஒரு வார்த்த கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

ரயில் கடந்து போய் முடிந்தது.

"கேட்டேன்பா," என்றாள். "ரெண்டு தடவ கேட்டேன்."

குரலில் கோபம் இல்லை. கேட் திறந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் வண்டியை எடுத்தேன். டீச்சர் வீட்டு வாசலில் இறங்கி, "போயிட்டு வரேன்பா" என்று உள்ளே போனாள்.

மார்ச்சில் தேர்வு எழுதித் தேறிவிட்டாள். பெரிய மார்க் இல்லை, போதுமான மார்க். இப்போது நர்ஸிங் படிக்கிறாள், விடுதியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் பண்ணுகிறாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று அவள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். கட்டைகளை வண்டியில் அடுக்கும்போது அந்த வருடத்தை நாள் நாளாக நினைத்துப் பார்க்கிறேன். அவள் எங்கே நின்று கேட்டாள், நான் என்ன சொல்லி அனுப்பினேன், ஒரு தடவையாவது ஞாபகம் வருகிறதா என்று தேடுகிறேன். ஒன்றுமே வரவில்லை. அவளுக்கு இரண்டும் ஞாபகம் இருக்கிறது. அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.