என்னை விட்டு அந்தோணியிடம் கேட்டார்கள்

கிரேன் அந்தோணி இந்த வருடம் தாண்டமாட்டான் என்று நான் ஆடி மாதமே சொல்லிவிட்டேன். கிழமையைக்கூடச் சொன்னேன். நம் காம்பவுண்டில் நீங்கள் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போன வியாழக்கிழமை காலை குழாயடியில் நின்றிருந்தபோது என் தங்கை மகள் மல்லிகா ஓடிவந்து, "மாமா, அந்தோணி மாமா பூட்டாரு" என்றாள். "வியாழன்னு சொன்னேனா இல்லியா?" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

இராயபுரத்தில் இருபது வருடம் எங்களுக்கு நடுவில் ஒரே சுவர். அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான், நான் திருவொற்றியூரில் ஆலை வேலை. நான் அஞ்சாம் கிளாஸ், அவன் மூணு. அப்படியிருந்தும் சாமி, சாவு என்று பிள்ளைகளுக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் அவன் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. இனி மறைத்து என்ன?

கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தியும் சாமந்தியும் எடுத்துக்கொண்டு காசிமேட்டுக் கல்லறைக்குப் போவான். எந்தச் சாமி கும்பிடுகிற வீட்டுப் பிள்ளையானாலும் அவன் பின்னால் போகும். ஒரு முறை நானும் போனேன். "செத்தவங்களுக்கு உள்ள இருட்டா இருக்காதா?" என்றது ஒரு பொடிசு. நான் விடுவேனா? பூமிக்கடியில் ஏழு கதவு, கதவுக்கொரு காவல்காரன், எமனுடைய எருமைக்குத் தனிக் கொட்டகை என்று அரைமணி நேரம் சொன்னேன். வாயைப் பிளந்து கேட்டார்கள். கேட்டு முடித்து நேரே அவனிடம் போய், "அந்தோணி மாமா, தனகோட்டி மாமா சொல்றது மெய்யா?" என்றார்கள்.

"மாமு எப்ப அங்க போய்ட்டு வந்துச்சு? நம்மகிட்ட சொல்லவே இல்லியே!" என்று சிரித்தான். பிறகு அந்தப் பொடிசிடம், "செத்தவங்களுக்கு இருட்டு தெரியாது கண்ணு. மெழுகுவத்தி நமக்குத்தான்" என்றான். அது கேட்டுத் தலையாட்டியது. எனக்கு வயிறு எரிந்தது.

தி.மு.க. முதன்முதலாக ஆட்சிக்கு வந்த வருடம் மல்லிகாவின் அப்பா மஞ்சள்காமாலையில் போனார். அவளுக்கு ஐந்து வயது. அப்பா எங்கே என்று கேட்டாள். தாய்மாமன் நான், "சிங்கப்பூர் கப்பல்ல போயிருக்காரு, பொம்மை வாங்கியாருவாரு" என்றேன். வேறு ஊராயிருந்தால் அந்தப் பொய் தாங்கியிருக்கும். நம் ஊரில் கப்பல் தினமும் வருகிறதே! துறைமுகத்தில் சங்கு ஊதும்போதெல்லாம் குழந்தை தலை வாரிக்கொண்டு வாசலில் போய் நின்றது. சோறு வைத்தால், "அப்பா வந்தப்புறம்" என்றது. பதினைந்து நாளில் துரும்பாகிவிட்டது. "நீ சொன்னத நீயே இல்லன்னு சொல்லிடுண்ணா" என்று தங்கை அழுதாள். எனக்கு வாய் வரவில்லை.

ஒருநாள் வேலை முடிந்து வந்த அந்தோணியை மல்லிகா மடக்கினாள். "நீ கப்பல்ல சாமான் எறக்குறியே, எங்கப்பாவப் பாத்தியா?"

அவன் தரையில் உட்கார்ந்தான். "உங்கப்பா கப்பல்ல போவலம்மா. செத்துட்டாரு. இனிமே வரமாட்டாரு."

"உங்க சாமிகிட்ட கீறாரா, எங்க சாமிகிட்டயா?"

"தெர்லம்மா."

"தனியா கீறாரா?"

"அதுவும் தெர்ல. எங்கம்மாவும் பூட்டாங்க. பாக்கணும் போல இருக்கும். அப்ப அழுவேன். நீயும் அழு."

குழந்தை வீறிட்டு அழுதபடி ஓடிவந்து என் மடியில் விழுந்தது. அன்றைக்கு என் கையால்தான் சோறு தின்றது. இதை உங்களில் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒரு மாதம் நான் அவனோடு பேசவில்லை. அவனே வந்தான். "கோவமா மாமு?"

"தாய்மாமன் நான் இருக்கசொல்ல நீ யாருடா?"

"என்னக் கேட்டுச்சு, சொன்னேன். உன்னக் கேட்டிருந்தா நீ சொல்லியிருப்ப."

முதலில் என்னைத்தான் கேட்டது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தே அப்படிச் சொன்னான்.

அவனிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது 'தெர்ல' என்கிற அந்த ஒரு சொல். அஞ்சாம் கிளாஸ் படித்த வாயில் அது இன்னும் சரியாக வரவில்லை.

இன்னொன்று. மல்லிகா அன்று என் மடிக்கு வரவில்லை. அவன் மடியில்தான் அழுதது, அவன் கையால்தான் தின்றது. நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.