ஸ்வெட்டரை அவித்த கதை

எங்கள் ராஜபாளையத்தில் கம்பளி உடுப்புக்கு ஒரு வேலையும் கிடையாது. மார்கழியில்கூட விடியற்காலையில் காதோடு ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டால் போதும். ஏழு மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிடும். ஊர் முழுக்கப் பஞ்சும் நூலும்தான். பருத்தியைப் பற்றி யாரிடம் வாயைக் கொடுத்தாலும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். ஆட்டு ரோமத்துத் துணியைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. நான் செய்த காரியத்துக்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் இருந்த ஒரே கம்பளி உடுப்பு அப்பாவின் பச்சை ஸ்வெட்டர். அப்பா பட்டாளத்தில் இருந்தார். காஷ்மீரில் ஏதோ ஒரு ஊர். பெயர் எனக்கு வாயில் நுழையாது. வருடத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். அந்த வருடம் பொங்கலுக்கு வந்தபோது அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் ரயில் ஏறியிருக்கிறார். நாக்பூர் தாண்டித்தான் கழற்றினாராம். முழங்கை இரண்டும் தேய்ந்து, கழுத்து தொளதொளத்துப் போயிருந்தது. அங்கே புதிது கொடுப்பார்கள் என்று சொல்லி, திரும்பிப் போகும்போது அதை வீட்டிலேயே விட்டுவிட்டார்.

அம்மா அதைத் துவைக்கவே இல்லை. எனக்கு இது பெரிய ஆச்சரியம். எங்கள் தெருவிலேயே அம்மாவைப் போல் துணி துவைக்கிற ஆள் கிடையாது. ஒரு நாள் உடுத்திய பாவாடையை மறுநாள் தொட்டால் கையிலேயே ஒன்று போடுவாள். அப்படிப்பட்டவள் அந்த ஸ்வெட்டரை மட்டும் அப்படியே மடித்து, பாலிதீன் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, ட்ரங்குப் பெட்டியில் கல்யாணப் புடவைக்குப் பக்கத்தில் வைத்தாள். சில மத்தியானங்களில் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அந்தப் பையை அவிழ்த்து வைத்திருப்பாள். நான் போய் நின்றால், “பூச்சி அரிக்கான்னு பாத்தேன்” என்று சொல்லி மறுபடியும் கட்டிவிடுவாள்.

அதே லீவில்தான் அப்பா எனக்கு ஒரு பொம்மை வாங்கித் தந்தார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆண்டாளைச் சேவிக்கப் போய்விட்டு வரும் வழியில், ஒரு கடையில். படுக்க வைத்தால் கண்ணை மூடும், நிறுத்தினால் திறக்கும். உடம்பில் பேருக்கு ஒரு ஜிகினாக் கவுன். அப்பா போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து வீட்டு போனுக்குக் கூப்பிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, “குவார்ட்டர்ஸ் கேட்டிருக்கேன். கெடச்சா முழுப்பரீட்சை லீவுக்கு உங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கிடுதேன்” என்றார். பொம்மையையுமா என்று கேட்டேன். “அதையுந்தான். இங்க குளிரு எம்புட்டுன்னு தெரியுமா? அதுக்கு ஒரு ஸ்வெட்டர் போட்டுக் கூட்டிட்டு வா” என்றார்.

அவர் விளையாட்டுக்குத்தான் சொல்லியிருப்பார். எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூட வாசலில் மற்ற பிள்ளைகளை அவரவர் அப்பா சைக்கிளில் தூக்கி வைத்துக்கொண்டு போகும்போது அவர்கள் தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன். எனக்கு அப்பா வேண்டும். அதற்கு மேல் அப்போது எனக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாக நினைவில்லை. பொம்மைக்கு ஸ்வெட்டர் தயாராகிவிட்டால் நாங்கள் ரயில் ஏறுவதும் உறுதியாகிவிடும் என்று எப்படியோ மனதில் பதிந்துவிட்டது.

அம்மாவிடம் போய், அந்தப் பழைய ஸ்வெட்டரில் ஒரு துண்டு வெட்டித் தரச் சொன்னேன். அம்மாவின் முகம் மாறிவிட்டது. “அது அழுக்குத் துணிட்டி. பூராவும் ஒங்கப்பா வேர்வை. அதையா பொம்மைக்குப் போடுவாக?” என்று எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். அழுக்குதான் தடை என்றால் அதைப் போக்குவது ஒன்றும் பெரிய காரியமில்லையே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை அம்மா காலையிலேயே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினாள். குவார்ட்டர்ஸ் கிடைக்க வேண்டும் என்று வேண்டுதல். வீட்டில் நானும் அத்தையும்தான். அத்தை அப்பாவின் தங்கை. தளவாய்புரத்திலிருந்து வெட்டிய நைட்டித் துணி கட்டுக்கட்டாக வரும். அத்தை அதை மெஷினில் தைத்துக் கொடுப்பாள். துணியில் வேர்வை நாற்றம் போக என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அவள் தலையைத் தூக்காமல், “கொதிக்கக் கொதிக்க சோடா போட்டு அவிக்கணும். கம்பால நல்லா குத்தணும். எந்த நாத்தமும் ஓடிப்போயிரும்” என்றாள். என்ன துணி என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கொல்லையில் வெந்நீர் அடுப்பு அணையாமல் இருந்தது. ஸ்வெட்டரைப் பானைக்குள் அமுக்கி, சோடாவைப் போட்டு, கை வலிக்கும்வரை குத்தினேன். மழையில் நனைந்த ஆட்டின் வாடை வந்தது. எடுத்து மோந்து பார்த்தேன். இன்னும் லேசாக ஏதோ இருப்பதுபோல் பட்டது. இன்னொரு கை சோடா அள்ளிப் போட்டு மறுபடியும் அவித்தேன். சாயம் இறங்கிப் பச்சையாகிவிட்ட தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு ஸ்வெட்டரை விரித்துப் பார்த்தபோது அலறிவிட்டேன். அப்பாவின் ஸ்வெட்டர் என் நெஞ்சுக்குக்கூடக் காணாத அளவுக்குச் சுருங்கி, சாக்குபோல் தடித்துக் கிடந்தது.

என் அலறலைக் கேட்டு அத்தை ஓடி வந்தாள். “ஏட்டி, எங்கண்ணன் ஸ்வெட்டரையா அவிச்ச? கைப்பிள்ளைக்குப் போடுதாப்ல ஆயிருச்சேட்டி!” முதலில் சிரித்தாள். பிறகு அவளுக்கும் பயம் வந்துவிட்டது. ஒரு முனையை என்னிடம் கொடுத்து மறுமுனையை இழுத்துப் பார்த்தாள். ஒரு விரல்கடைகூட நீளவில்லை. “எத்தனை துணி அவிச்சிருக்கேன், ஒண்ணு இப்பிடி ஆனதில்லையே. சரி, இனி இதை யாரு போட? மதினி வாரதுக்குள்ள பொம்மைக்குத் தச்சுருவோம். உருப்படியா ஒண்ணு கையில இருந்தா ஏச்சு கொறையும்.”

வெயிலில் காயப்போட்டு எடுத்தோம். கத்தரிக்கோலை வைத்ததும் அத்தைக்கு ஒரே வியப்பு. வெட்டின இடத்தில் ஒரு பிசிறு வரவில்லை. ஓரம் அடிக்கவே தேவையில்லை. ஆனால் மெஷின் ஊசி இரண்டாவது தையலிலேயே ஒடிந்துவிட்டது. கோணி ஊசியை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் மாறி மாறிக் கையால் தைத்தோம். அத்தைக்குக் கைவந்தது நைட்டி ஒன்றுதான். அதனால் பொம்மையின் ஸ்வெட்டரும் கழுத்தில் பைப்பிங்கும் நெஞ்சில் சுருக்கமுமாக நைட்டி போலவே வந்தது. எனக்கு அது உலகத்திலேயே அழகான உடுப்பாகத் தெரிந்தது. பயம்கூட விட்டுவிட்டது. அழுக்கைத்தானே அம்மா குறையாகச் சொன்னாள், அது போய்விட்டதே.

அம்மா கையில் துளசியும் பால்கோவாவுமாக வந்தாள். முகம் சந்தோஷமாக இருந்தது. கோயிலில் நல்ல தரிசனமாம். நான் பொம்மையை நீட்டினேன். அம்மா சிரித்துக்கொண்டே வாங்கினாள். அந்தப் பச்சையைப் பார்த்ததும் ட்ரங்குப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். அத்தை மடமடவென்று ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தாள். அம்மா காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. பொம்மையை முகத்தோடு சேர்த்து வைத்து மூச்சை இழுத்தாள். பொம்மையின் கையைத் தூக்கிக் கக்கத்தில் மோந்தாள். கழுத்தைப் புரட்டி உள்பக்கம் மோந்தாள்.

நான் துவைத்த லட்சணத்தைச் சோதிக்கிறாள் என்று நினைத்தேன். பெருமை தாங்கவில்லை. “ரெண்டு தடவை அவிச்சேம்மா. கொஞ்சங்கூட நாத்தம் இல்லல்லா?” என்றேன்.

“இல்லட்டி” என்றாள் அம்மா. “கொஞ்சங்கூட இல்ல.”

பேசிக்கொண்டிருந்த அத்தை சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். அம்மா என்னை அடிக்கவில்லை, ஒரு வார்த்தை ஏசவும் இல்லை. பால்கோவாவை என் கையில் கொடுத்தாள். அம்மாவே மெச்சிவிட்டாள் என்ற தெம்பில், அப்பா அடுத்த லீவுக்கு வந்து போனதும் அவர் போட்ட துணியையெல்லாம் நானே இதே மாதிரி அவித்துத் தருகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்.