அக்கரை போடாத கடல்

எங்கள் மலையூர் நெல்லிவாசல்நாட்டுக்கு முதன்முதலாக ஒரு ஜீப் ஏறி வந்து, திருப்பத் தெரியாமல் எங்கள் ஆட்டுக்கொட்டகையை இடித்ததே, அதற்கு அடுத்த வருஷம் நடந்தது இது. இப்போது கிளறிவிட்டது மருமகளின் செல்போன். அதில் ஒருத்தர் வாட்டர் கலரில் கடல் வரையச் சொல்லித்தருகிறார். பத்தே நிமிஷமாம்! எனக்குப் பதினோரு நாள் ஆனது. போனைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

ஒடுகத்தூரில் மாதாகோயிலை ஒட்டி ஒரு கூடம். வாழ்த்து அட்டைகளுக்குப் படம் போடும் வேலை. கைநாட்டுக்காரனுக்கும் இடம் உண்டு, கை நடுங்காமல் இருந்தால் போதும் என்றார்கள். என் பெண்டாட்டி பச்சையம்மாவுக்கு அப்போது ஏழு மாசம். இந்த வேலை கிடைக்காவிட்டால் மேஸ்திரி பின்னால் குடகுக் காபி எஸ்டேட்டுக்குப் போயாக வேண்டும். பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருக்க முடியாது.

அங்கே படம் சொல்லித்தந்த டீச்சர் கடலோர ஊர்க்காரர், என்னைவிடச் சின்னவர். தாளைப் பலகையில் ஒட்டிப் பஞ்சால் நனைக்கச் சொல்வார். மேலே நீலத்தை இழுத்துப் பலகையைச் சாய்த்தால் வானம் தானாக வழிந்து வெளுக்கும். நனைந்த தாளுக்கு ஊறிய சாமை வைக்கோல் வாசனை. முகர்ந்தாலே மனசு கொல்லைக்குப் போய்விடும். திரும்பி வருவதற்குள் தாள் காய்ந்துவிடும். பிறகு குறுக்கே ஒரு கோடு, கீழே கடல். நுரைக்கு வெறும் தாளை அப்படியே விட வேண்டும். விதைக்காத நிலம் மாதிரி அது கண்ணை உறுத்தும்; தடவிவிடுவேன்.

"நுரை எங்கண்ணே?"

"காலியா கெடந்திச்சிங்க டீச்சர். மூடிட்டேன்."

அதைவிடப் பெரிய வம்பு அக்கரை. நான் பார்த்ததெல்லாம் ஏரித் தண்ணீர். எதிரே கரை இல்லாவிட்டால் அது ஊரையே அடித்துக்கொண்டு போய்விடாதா? அதனால் கடல் முடிகிற கோட்டின் மேல் தினமும் செம்மண் நிறத்தில் ஒரு கரை போட்டுவிடுவேன்.

"மறுபடியும் கரையா! உங்க கைய ஒடிக்கணும்ணே."

"கரையில்லாம தண்ணி எப்டிங்க நிக்கும்?"

"நிக்குதுண்ணே! நான் பொறந்ததுலேர்ந்து நிக்குது!"

பதினோராம் நாள் பரீட்சைத் தாள்; தேறினால்தான் வேலை. மனதைக் கல்லாக்கிக்கொண்டு கரை போடாமல் முடித்தேன். டீச்சர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, கூடத்தை நடத்தும் பெரிய சிஸ்டரைக் கூட்டிவர உள்ளே ஓடினார். அந்த நேரம் பார்த்துத்தானா, சந்தைக்கு வந்த பச்சையம்மா எட்டிப் பார்க்க வேண்டும்?

"இன்னாய்யா இது, எதுருல கரையே காணோம்?"

"கடலுடி. அப்டித்தான் இருக்குமாம்."

"தண்ணி மேல வந்து வுழற மாதிரி கீது. புள்ளத்தாச்சிக்கு இதையா காட்டுவ?"

சொல்லிக்கொண்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது. பிரஷை எடுத்தேன். செம்மண் நிறத்தில் ஒரே இழுப்பு. அவள் மூச்சு விட்டுக் கிளம்பினாள்.

பெரிய சிஸ்டர் வந்து பார்த்தார், பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார். டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏண்ணே இப்டி பண்ணீங்க?"

பெண்டாட்டி பயந்துவிட்டாள் என்று ஆம்பிளை எப்படிச் சொல்வது? பிரஷைக் கழுவப் போய்விட்டேன். சொல்லியிருந்தால் இன்னொரு தாள் கொடுத்திருப்பாரோ என்னவோ. வறட்டு வீம்பு!

குடகிலிருந்து நான் திரும்பியபோது மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் யாரோ என்று வீறிட்டு அழுதாள்.

அந்தக் கூடத்தை இடித்து எத்தனையோ காலமாகிறது. இப்போது அங்கே ஆட்டோக்கள் நிற்கின்றன. டீச்சர் மாற்றலாகி எந்தக் கடலோரம் போனாரோ தெரியாது. நீங்கள் நாலு ஊர் போகிறவர். அவரை அறிந்தவர் யாராவது அகப்பட்டால் சொல்லுங்கள்: அன்றைக்கு அவர் பேச்சை நான் மீறவில்லை, வீட்டுக்காரி பயந்துவிட்டாள், அவ்வளவுதான் என்று.