வராத லாரிக்கு ஒதுங்கியவர்கள்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன் என்பவன் ஓட்டாமலே ஓட்டுகிறவன். இடது பக்க சீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவன் போலத் தெரிந்தாலும், அடுத்தவர் உயிருக்காகத் தன் காலை எப்போதும் தயாராக வைத்திருப்பவன். மனைவிக்கோ மைத்துனனுக்கோ ஒரே ஒரு நாள் கார் சொல்லிக்கொடுத்தவர்கள் உங்களில் இருந்தால், அவர்களுக்கு இந்தப் பிழைப்பை நான் விளக்க வேண்டியதில்லை. பயிற்சிக் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் தடுமாறும்போது சத்தமில்லாமல் மிதித்துவிடுவேன். அவர் தானே நிறுத்தியதாக நினைத்துக்கொள்வார். "பாத்தீங்களா, கரெக்டா நிறுத்திட்டீங்க" என்று நானும் பாராட்டிவிடுவேன். என் தொழில் இந்தச் சின்னப் பொய்யில்தான் ஓடுகிறது.

தாம்பரம் கிழக்கில் என் டிரைவிங் ஸ்கூல். புதிதாக வருகிறவர்களை மாடம்பாக்கம் ஏரியைத் தாண்டித் தெற்கே போகும் ரோட்டுக்குத்தான் அழைத்துப்போவேன். வண்டி நடமாட்டம் கிடையாது, வளைவு ஒன்றே ஒன்று. இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் அந்த வளைவை ஒட்டிய பொட்டல் நிலத்தில் ஒரு கம்பெனி போர்டு நட்டது. ஊரிலேயே பெரிய குடோன் வரப்போகிறதாம். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து கன்டெய்னர் லாரிகள் கேம்ப் ரோடு வழியாக இந்தத் தெருவுக்குள் நுழைந்து நாள் முழுக்கப் போய்வருமாம். அதன் பிறகு அந்த ரோட்டில் நான் கண்டதைத்தான் எழுதுகிறேன். எல்லாம் பட்டப்பகலில் நடந்தவை. இருந்தும் சிலவற்றை எழுதும்போது இப்போதும் கழுத்துக்குப் பின்னால் ஏதோ நிற்பது போலிருக்கிறது.

யார் மிதித்தது?

ஸ்டெல்லா டீச்சர் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு எடுக்கிறவர். வீடு அந்த வளைவிலேயே. மகள் ஜெனி ஒன்பதாம் வகுப்பு. சேலையூரில் உள்ள பள்ளிக்கு அந்த ரோட்டில்தான் சைக்கிளில் போவாள். "லாரி வர்றதுக்குள்ள நான் கார் கத்துக்கணும் சார். அதுக்கப்புறம் அவளை சைக்கிள்ல விடமாட்டேன்" என்று சொல்லித்தான் டீச்சர் என்னிடம் சேர்ந்தார். போர்டு நட்டு ஒரு வாரம்கூட ஆகியிருக்காது.

முதல் சில நாட்கள் நன்றாகவே ஓட்டினார். ஒரு நாள் காலை பொட்டல் நிலத்துக்கு நேராக வந்தபோது கார் மெல்லக் குலுங்கி நின்றது. எதிரே யாரும் இல்லை. ஆடு மாடுகூட இல்லை. வெயில் மட்டும் தாரில் நெளிந்துகொண்டிருந்தது. "ஏன் டீச்சர் நிறுத்தினீங்க?" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான்தான் வழக்கம்போல மிதித்தேன் என்று நினைத்திருக்கிறார். நான் குனிந்து என் காலைப் பார்த்தேன். அது பிரேக்கின் மேல்தான் இருந்தது. ஆனால் எப்போதும் அங்கேதானே இருக்கும்? அழுத்தினேனா என்று எனக்கே தெரியவில்லை. இத்தனை வருஷம் மற்றவர்கள் காலையெல்லாம் கவனித்தவனுக்குத் தன் காலின் கணக்கு தெரியவில்லை. பிறகு டீச்சர், வகுப்பில் கேட்பது போலவே கேட்டார்:

"நீங்களும் மிதிக்கல, நானும் மிதிக்கலன்னா, வண்டி எதுக்கு சார் நின்னுச்சு?"

மீன்கூடை

தேசம்மா கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவருகிறவர். தலையில் கூடையோடு ரோட்டின் நடுவில் நடப்பார். பின்னால் நான் ஹாரன் அடித்தால், "இன்னா அவசரம், உன் வூட்ல அடுப்பா அணையுது?" என்று திரும்பாமலே கேட்பார். வண்டி ஓட்டப் பழகுகிறவர்களுக்கு அவரைச் சுற்றிக்கொண்டு போவதே ஒரு பாடம்.

ஒரு நாள் பார்த்தால் அவர் சாக்கடை ஓரமாக, காம்பவுண்டு சுவரில் தோள் உரசும்படி நடந்துகொண்டிருந்தார். ரோடு காலி. அவருக்குப் பின்னால் கீரைக்காரர், அவருக்குப் பின்னால் பால் வாங்கப் போன ஒரு பெண், எல்லோரும் அதே சுவரை ஒட்டி, ஒருவர் பின் ஒருவராக. நடு ரோட்டில் படுத்துக் கிடக்கும் நாய்களைக்கூடக் காணோம். அவற்றுக்கு யார் போய்ச் சொன்னது? ஒருவேளை அவை முன்பிருந்தே நிழலில்தான் படுத்திருந்தனவோ, நான்தான் இப்போது கவனிக்கிறேனோ என்று என்னையே சந்தேகப்பட்டேன். காரை நிறுத்தச் சொல்லி, "என்னக்கா, ரோடு பூரா காலியாத்தானே கெடக்கு?" என்றேன். தேசம்மா கூடையை இறக்கவில்லை. சுவரை விட்டு விலகவும் இல்லை.

"லாரி வந்தப்பறம் ஒதுங்குன்னா காலு கேக்குமா சார்? அதான் இப்பவே காலைப் பழக்கிகினு கீறேன்."

கண்ணாடி

புதிதாக ஓட்டுகிறவர்களைக் கண்ணாடியில் பின்னால் பார்க்க வைப்பதற்குள் ஆசிரியனுக்குத் தொண்டை வற்றிவிடும். இதை இந்தத் தொழிலில் இருக்கிற எவரும் ஒப்புக்கொள்வார்கள். அந்தச் சமயத்தில் மட்டும் எனக்கு நேர்மாறான கஷ்டம் வந்தது. பொத்தேரியில் காலேஜ் படிக்கும் ஒரு பெண், வீடு மாடம்பாக்கம். அந்த ரோட்டில் திரும்பியதும் அவள் கண் கண்ணாடியை விட்டு நகரவே இல்லை. முன்னால் வேப்பமரம் வருகிறது, இவள் பின்னால் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஸ்டியரிங்கை எட்டிப் பிடித்துத் திருப்பிவிட்டு, "பின்னாடி ஒண்ணுமே இல்லம்மா, தைரியமா ஓட்டு" என்றேன்.

"ஒண்ணும் இல்லைங்கிறதுதான் அங்கிள் பயமா இருக்கு."

தெர்மோகோல் ஊர்

குடோன் வேண்டாம் என்று ஊரில் எழுந்த எதிர்ப்பு அதிகமானதும், ஊர்க்காரர்களுக்கு விளக்கம் சொல்வதற்காகக் கம்பெனி ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் நடராஜன், பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், என்னையும் வரச் சொன்னார். "மாஸ்டர், ரோட்டைப் பத்தி நீங்க சொன்னா எடுபடும்" என்றார். ரோட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அதில் போகிறவர்களைப் பற்றிக் கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். போனேன்.

மேடைக்குக் கீழே, மணமக்கள் சாப்பிடும் மேஜையில், குடோனை தெர்மோகோலில் செய்து வைத்திருந்தார்கள். வெள்ளைக் கட்டடம், ஸ்பாஞ்சில் மரங்கள், தீப்பெட்டி அளவில் வரிசையாக லாரிகள். ரோடு நிஜத்தைவிட அகலமாகவும் சுத்தமாகவும் இருந்தது. டை கட்டிய ஒரு இளைஞர், "எத்தனை லாரி வரும்?" என்று யார் கேட்டாலும் "தேவைக்கு ஏத்த மாதிரி சார்" என்று சிரித்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா டீச்சர் குனிந்து வளைவைத் தேடினார். வளைவு இருந்தது. அதற்குப் பக்கத்தில் வீடுகள் இருக்கவேண்டிய இடத்தில் பச்சைத் தாள் ஒட்டியிருந்தது. ஏரி இருந்தது, கரண்ட் கம்பங்கள்கூட இருந்தன. நாங்கள் யாரும் இல்லை. டீச்சர் தன் வீடு இருக்கவேண்டிய இடத்தில் விரலை வைத்தார். சுற்றி நின்ற நாங்களும் அந்த விரலையே பார்த்தோம். இளைஞர் ஓடிவந்து மிகவும் மரியாதையாகச் சொன்னார்:

"மேடம் ப்ளீஸ், கை வைக்காதீங்க. அங்க பெயின்ட் இன்னும் காயல."

ஒத்திகை

அந்த வளைவில் நீளமான லாரி திரும்பாது என்று சங்கம் கலெக்டர் ஆபீஸில் எழுதிக் கொடுத்தது. திரும்பும் என்று காட்டுவதற்காகக் கம்பெனி ஒரு நாள் காலை காலி டிரெய்லர் லாரி ஒன்றை அனுப்பியது. நடராஜன் மூங்கில் கழிகளில் கருப்புக் கொடி தயார் செய்திருந்தார். கோஷம்கூட எழுதி எல்லோருக்கும் கொடுத்திருந்தார். நான் டீச்சரோடு காரை ஓரம் கட்டி நின்றிருந்தேன்.

டிரெய்லர் ஹாரன் அடிக்காமல், நடை வேகத்தில் வந்தது. அவ்வளவு பெரிய உருவம் அவ்வளவு பொறுமையாக வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கோஷம் எழும்பவில்லை. கொடி பிடித்த கைகள் இறங்கிவிட்டன. எல்லோரும் அவரவர் கேட்டுக்கு வந்து, பிள்ளைகளை முன்னால் நிறுத்தித் தோளைப் பிடித்துக்கொண்டு, பேசாமல் நின்றார்கள். லாரியின் முகம் வளைவைத் தாண்டி மறைந்துவிட்டது. உடம்பு வந்துகொண்டே இருந்தது. வேப்பங்கிளை ஒன்று முறிந்து தொங்கியது. பின் சக்கரங்கள் தார் ரோட்டை விட்டு இறங்கி, ஜெனி தினமும் சைக்கிளை நிறுத்தி இரண்டு பக்கமும் பார்க்கும் மண் திட்டின் மேல் ஏறி, அதை அழுத்திவிட்டு மறுபடி ரோட்டில் ஏறின. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. லாரி திரும்பிவிட்டது. டீச்சர் அந்தச் சக்கரத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெனி கேட்டுக்கு உள்ளே சைக்கிளைப் பிடித்தபடி நின்றாள்.

டிரைவர் என் காருக்குப் பக்கத்தில் நிறுத்தித் தலையை வெளியே நீட்டினார். நாமக்கல்காரர். எதற்காக இங்கே வரச் சொன்னார்கள் என்றுகூட அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஏனுங்க, இந்த ஊருல யாராச்சும் தவறிட்டாங்களா? எல்லாரும் வாசல்ல வந்து நிக்கறாங்க."

கூட்டம்

அதற்குப் பிறகுதான் என் ஸ்கூலில் இடமில்லாமல் போயிற்று. பிள்ளைகளை இனி சைக்கிளில் அனுப்பக்கூடாது, வயசானவர்களை நடக்கவிடக் கூடாது, ஆளுக்கு ஒரு கார் வேண்டும் என்று ஊரே முடிவு கட்டியது. பேங்குகளும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடன் கொடுத்த காலம். எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் அப்படியே நடந்துவந்து என் ரிஜிஸ்டரிலும் போட்டார்கள். நான் இன்னொரு கார் வாங்கினேன். குடோன் வரக்கூடாது என்று கூட்டங்களில் நானும் கைதட்டினேன். வீட்டுக்கு வந்து, நிஜமாகவே வராமல் போனால் என் இரண்டாவது காரின் கதி என்ன என்று யோசித்தேன். இரண்டில் எதற்கு நான் ஆசைப்பட்டேன் என்று இன்றும் கேட்டுக்கொள்கிறேன்.

அறுபதைத் தாண்டிய நடராஜனும் கார் வாங்கிவிட்டார். அவர் முன்னால் ஓட்டுவதில் குறையில்லை. கேட்டிலிருந்து பின்னால் எடுப்பதுதான் வராது. கிளட்சை விட்டதும் வண்டி பாயும். "சார், கலெக்டர் ஆபீஸ் போராட்டம் எந்த நிலைமையில இருக்கு?" என்று ஒரு நாள் கேட்டேன். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"அது ஒரு பக்கம் இருக்கட்டும் மாஸ்டர், முதல்ல ரிவர்ஸ் சொல்லிக்குடுங்க."

எந்தப் பக்கம்

ஸ்டெல்லா டீச்சர் டெஸ்டில் இரண்டு தடவை தோற்றுவிட்டார். ஒன்றுமில்லாத இடத்தில் நிறுத்துகிறார் என்பதுதான் காரணம். மூன்றாவது டெஸ்டுக்கு முந்தின நாள் பள்ளிக்கு லீவு போட்டிருந்தார். நெரிசல் நேரத்தில் ஓட்டிப் பழகட்டும் என்று நான்தான் காலை எட்டரைக்குக் கிளம்பச் சொன்னேன். அதற்குள் அந்த ரோட்டிலேயே நெரிசல் நேரம் என்று ஒன்று வந்துவிட்டிருந்தது. பொட்டல் நிலத்தில் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. போர்டு வெளுத்துப்போய், எழுத்துகள் பாதி அழிந்திருந்தன. எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் புதுக் கார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை, மடியில் புத்தகப் பை, ஏற்றிவிட்ட கண்ணாடி. ஓட்டுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் எனக்கு வணக்கம் வைத்தார்கள். ஹாரன் சத்தம் கிடையாது. யாரும் நகரவில்லை.

முன்னால் ஏதோ தகரம் நசுங்கும் சத்தம் கேட்டது. நான் இறங்கிப் போனேன். நடராஜன் வீட்டு கேட்டிலிருந்து கார் பாதி ரோட்டுக்கு வந்து நின்றிருந்தது. அதன் பின்பக்கத்துக்குக் கீழே ஒரு சைக்கிள். ஜெனி மண் திட்டில் உட்கார்ந்து, தொங்கிய இடது கையை வலது கையால் ஏந்திப் பிடித்திருந்தாள். கை உடைந்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அவள் அழவில்லை. நடராஜன் ஸ்டியரிங்கை விடாமல், நேராகப் பார்த்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். ஆனால் என்னை நடுங்க வைத்தது அது அல்ல. கார்களிலிருந்து இறங்கியவர்கள் யாரும் அந்தக் காரைப் பார்க்கவில்லை. ஒரே நேரத்தில் கழுத்தைத் திருப்பி, புல் வளர்ந்த அந்தக் காலி நிலத்தின் பக்கம் தேடினார்கள். நானும் தேடினேன்.

டீச்சர் காரை ரோட்டிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தார். மகளை அணைத்துக்கொண்டார். நடராஜனின் காரைத் தாண்டி, என்னைத் தாண்டி, ரோட்டின் கடைசி வரைக்கும் அவர் கண் போய்வந்தது.

"எந்த லாரி சார்? எந்தப் பக்கம் போச்சு?"

குடோனும் வரவில்லை, அந்த ஒத்திகைக்குப் பிறகு ஒரு லாரியும் வரவில்லை. நெரிசலை மட்டும் நாங்களே, முறைப்படி என்னிடம் ஃபீஸ் கட்டிப் படித்து, லைசென்ஸோடு கொண்டுவந்து சேர்த்துவிட்டோம்.